மாமனாரின் கழுத்தும் ஒரு வேலி நிலமும்

என் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் படக்கென்று ஒரு சத்தம் வரும். கழுத்தில் நெட்டி எடுக்கிறாள் என்று தெரிந்துவிடும். "எடுக்காதேடி" என்பேன். "இதுல என்னம்மா ஆபத்து, எங்க ஆபீஸ்ல எல்லாரும்தான் எடுக்கறாங்க" என்பாள். ஆபத்து உண்டா இல்லையா என்பதில் அந்த ஆபீசே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறதாம். எனக்கு ஒரே கட்சிதான். கழுத்து நெட்டியைப் பற்றி நான் எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பாடத்துக்கு ஒரு மனிதர் ஒரு வேலி நிலத்தைப் பறிகொடுத்தார். முறுக்கிய கழுத்து அவருடையதுகூட இல்லை.

நான் மன்னார்குடிப் பக்கம் மருமகளாகப் போனபோது அறுபத்தேழில் ஆட்சி மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் கணவருக்குத் திருச்சியில் உத்தியோகம். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமனார், மாமியார், நான். அவர்களை மாமா, அத்தை என்று கூப்பிடுவேன். மாமா ஆட்சி மாறிய கையோடு வேட்டியின் கரையையும் மாற்றிக்கொண்டவர். கூடத்துச் சுவரில் இருந்த தலைவர் படம் நெல் போடும் அறைக்குப் போயிற்று. அதே ஆணியில் வேறு தலைவர் வந்தார். சுவரில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருக்கவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

மாமாவிடம் கோயில் நிலம் ஒரு வேலி பரம்பரைக் குத்தகையில் இருந்தது. ஆறரை ஏக்கருக்கு மேலே வரும். வாய்க்கால் தலைமடையில் இருக்கும் நல்ல நிலம். அதில் மாமா கால் வைத்து நான் பார்த்ததில்லை. உழுவது, நாற்று விடுவது, தண்ணீர் பாய்ச்சுவது, அறுப்பது எல்லாம் உள்குத்தகைக்காரர். அதாவது கோயிலிடமிருந்து மாமா குத்தகைக்கு எடுத்த நிலத்தை, மாமாவிடமிருந்து அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் அளக்கிற நெல்லில் கொஞ்சத்தைக் கோயிலுக்கு அளந்துவிட்டு மிச்சத்தை மாமா வைத்துக்கொள்வார். இரண்டு குத்தகைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஏற்பாட்டில் மாமாவின் வேலை.

உட்கார்ந்தே இருந்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் நெட்டி. காலையில் காபி குடித்து முடித்ததும் சாய்வு நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடுப்பை ஒரு பக்கம் திருப்புவார். முதுகில் மடமடவென்று கேட்கும். அப்புறம் மறுபக்கம். கடைசியில் கழுத்து. இடது கையால் மோவாயைப் பிடித்து, வலது கையைப் பிடரியில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே திருப்பு. கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். "ஆச்சு, களைப்பெல்லாம் போச்சு" என்று நாற்காலியில் சாய்வார். என்ன செய்து களைத்தார் என்று கேட்கத் தோன்றும். புது மருமகள், கேட்க முடியுமா?

அத்தைக்கும் இந்தச் சத்தத்தின் மேல் பக்தி. யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போய்த் திரும்பினால், என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை நெட்டி முறிப்பாள். எல்லா விரலும் சொடசொடவென்று விழுந்தால், "பாத்தியா, எவ்வளவு கண்ணு" என்று பூரித்துப்போவாள். சத்தம் வந்தால் கெட்டது ஏதோ வெளியே போய்விட்டது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் கடைசியில் வினையாக வந்தது.

அப்போதுதான் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. யார் உடல் உழைப்பைப் போட்டுச் சாகுபடி செய்கிறாரோ அவர் பெயர் பதிவில் ஏறும்; ஏறிவிட்டால் அவரைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது. மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அத்தையைக் கேட்டார்.

"உடல் உழைப்புன்னா எதைப் பார்ப்பாங்க?"

"உடம்பைத்தான் பார்ப்பாங்க" என்றாள் அத்தை.

மாமா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பாவம், பூப்போல இருந்தது.

சில நாள் கழித்து உள்குத்தகைக்காரர் வந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றார். அதைத் தாண்டி அவர் வந்ததில்லை, வரவிட்டதில்லை. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவியும் பிள்ளைகளும் வாய்க்கால் கரையில் குடிசையில் இருந்தார்கள். அந்த ஒரு வேலியை விட்டால் அவர்களுக்குக் கூலி வேலைதான். அந்த வேலையும் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. அறுப்புக் கூலிக்காக ஊருக்கு ஊர் தகராறு, வெளியூர் ஆள் இறக்குகிறார்கள், போலீஸ் வண்டி வருகிறது என்று கேள்விப்படாத வாரம் இல்லை.

"ஐயா, விசாரணைக்கு வர்றாங்களாம். நான்தான் உழுவுறேன்னு சொல்லச் சொல்லி சங்கத்துல சொல்றாங்க. சொல்லத்தான் போறேன். ஒங்களுக்குத் தெரியாம சொன்னேன்னு இருக்க வேணாம். அதான் வந்தேன்" என்றார்.

"தாராளமா சொல்லுடா. நானும் சொல்றேன். யார் சொல்றது எடுபடுதுன்னு பாப்போம்" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

மறுநாள் கொல்லைக்குப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். மாடு கழுநீர் குடிக்கிற தொட்டியில் வயல் சேற்றை நிரப்பி, அதற்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உழைக்கிறவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கும், தாசில்தார் அதைப் பார்ப்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விசாரணைக்குள் சேற்றுப்புண் வந்தாக வேண்டும். தினமும் பேப்பர் முடியும்வரை சேறு. ஆனால் அத்தைக்கு இந்தத் திட்டம் முழுசாகப் பிடிபடவில்லை. மாமா தொட்டியை விட்டு வந்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, விரல் இடுக்கில் மஞ்சள் குழைத்துத் தடவிவிடுவாள். புண் வருகிற வழியாக இல்லை. மாடு மட்டும் தொட்டியைத் திரும்பிப் பார்க்க மறுத்துவிட்டது.

"கால் போனாப் போகுது. முதுகு இருக்கு" என்றார் மாமா ஒருநாள். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் யாரும் உழைக்காத முதுகு என்று சொல்ல மாட்டான் என்பது அவர் கணக்கு.

விசாரணை நாளும் வந்தது. காலையில் தாசில்தார் வயலைப் பார்ப்பார், மத்தியானம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஆட்சேபணை உள்ளவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். மாமாவுக்கு மோரும் துண்டும் எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். சம்பா நடவு பாதி முடிந்திருந்தது. பக்கத்து வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரப்பில் நின்றவர்களைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. உழுகிறவர், அதிகாரி முன்னால் நிற்கப்போகிறோமே என்று குளித்து, எண்ணெய் தடவித் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உழாதவர் இடுப்பில் ஒரு பழைய துண்டோடு, முழங்கால் வரை சேற்றோடு நின்றார். தாசில்தார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதுசு. குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் மிராசுதார், யார் உழவர் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்ததை அவர் கண்ணிலேயே பார்த்தேன்.

"இவருதான் மாமா. நிலத்துல வேலை செய்யறவரு அவரு" என்று சட்டைக்காரரைக் காட்டிச் சொன்னேன்.

"பொம்பளைங்க விவரம் தெரியாம பேசும் சார்" என்றார் மாமா. தாசில்தாரும் தலையாட்டினார். விவரம் தெரிந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் ஒரு வரப்பில் நிற்கும்போது என் சொல்லுக்கு என்ன மதிப்பு?

மாமா வயலுக்குள் இறங்கினார். ஒரு நாற்று முடியைப் பிரித்து, குனிந்து, ஒரு பிடி நட்டார். இன்னொரு பிடி நட்டார். அதற்குமேல் தேவை இருக்கவில்லை. இடுப்பில் கை கொடுத்து நிமிர்ந்து, ஒரு திருப்புத் திருப்பினார். மடமடவென்று முறிந்தது.

"கேட்டீங்களா சார்? உழைச்ச முதுகு" என்றார்.

தாசில்தார் "அடேங்கப்பா" என்றார். நடவுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விடிந்ததிலிருந்து குனிந்தே கிடந்த அவர்கள் முதுகு என்ன சத்தம் போடும் என்று கேட்க யாருக்கும் உத்தரவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். பாராட்டு கிடைத்துவிட்டதே, மாமாவுக்கு நிற்கத் தெரியவில்லை. சேற்றுக் கையாலேயே மோவாயைப் பிடித்தார். பிடரியில் மறு கையைக் கொடுத்தார். வழக்கத்தைவிட வேகமாகத் திருப்பினார். சேறு வழுக்கி, பிடித்த கை காது வரைக்கும் போய்விட்டது. படக்கென்ற சத்தம் வழக்கம்போல வந்தது. அதைத் தொடர்ந்து மாமாவின் வாயிலிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. "கை... கை தெரியல" என்றார். உடனே வாந்தி எடுத்தார்.

முதலில் வயலுக்குள் குதித்தது உள்குத்தகைக்காரர்தான். வெளுத்த சட்டையோடு குதித்தார். குடிசையிலிருந்து கயிற்றுக் கட்டிலை எடுத்துவரச் சொல்லி, மாமாவை அதில் படுக்க வைத்து, தலைமாட்டைத் தானே தூக்கிக்கொண்டார். மாட்டு வண்டி குலுக்கும் என்று வரப்பு வழியாகவே ரோடு வரைக்கும் தோளில் சுமந்தார்கள். அங்கே ஒரு வாடகைக் கார் கிடைத்தது. நான் முன்னால் ஏறிக்கொண்டேன். பின்னால் உள்குத்தகைக்காரர் உட்கார்ந்து, மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாட்டுக் கொட்டகையைத் தாண்ட விடாத தலை, தஞ்சாவூர் வரைக்கும் அந்த மடியில்தான் கிடந்தது. வழியில் மாமா ஒன்று சொன்னார். அதைத்தான் நான் மறக்கவில்லை.

"டேய், கழுத்தை விட்டுடாதடா. நிலத்தை நீயே வச்சுக்கடா. முழு வேலியும் ஒனக்குத்தான். நானே தாசில்தார்கிட்ட சொல்றேன். கழுத்தை மட்டும் விட்டுடாத."

"பேசாதீங்கய்யா, ஆடுது" என்றார் அவர்.

பாதி வழியில் எனக்கு உறைத்தது. "மத்தியானம் மண்டபத்துல ஒங்களைக் கூப்பிடுவாங்களே" என்றேன்.

"கூப்பிடுவாங்க. இவர இப்படிப் போட்டுட்டு எங்கம்மா போவுறது? ஐயாவே சொல்றேன்றாங்கள்ல" என்றார்.

தஞ்சாவூரில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். எப்படி ஆயிற்று என்று கேட்டபோது மாமா, "நெட்டி எடுத்தேன். காலங்காலமா எடுக்கறதுதான் சார்" என்றார்.

"காலங்காலமா தப்பிச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். "சத்தத்துல ஒண்ணும் இல்ல. மூட்டுக்குள்ள இருக்கிற நீர்ல காத்துக் குமிழ் உண்டாகுற சத்தம் அது. களைப்பும் போகாது, கண் திருஷ்டியும் போகாது. தானா நெட்டி விழுந்தா விழட்டும். கழுத்தைக் கையால பிடிச்சு முறுக்காதீங்க. மூளைக்குப் போற ரத்தக் குழாய் அது வழியாத்தான் போவுது. அது கிழிஞ்சிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டீங்க. தலை சுத்தி, கை மரத்துதுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்."

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மாமாவின் உள்ளங்கையை விரித்து ஊசியால் தொட்டார். "என்ன தொழில்?" என்றார். "விவசாயம்" என்றார் மாமா. டாக்டர் அந்த உள்ளங்கையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். விசாரணையை அவரிடம் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

ஊரில் மண்டபத்தில் என்ன நடந்தது என்று மறுநாள் தெரிந்தது. ஆட்சேபணை உள்ளவர் என்று உள்குத்தகைக்காரர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஆட்சேபித்தவர் ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார் தாசில்தார். அவர் ஏன் ஆஜராகவில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தாசில்தார் கண்ணாலேயே பார்த்தவர். ஆனால் ஆஜராகவில்லை என்றால் ஆஜராகவில்லைதான். மாமாவைப் பற்றி, நடவு வேலையின்போது உடலில் காயமடைந்ததை நேரில் கண்டேன் என்று எழுதியிருந்தாராம். நிலத்துக்காகக் கழுத்து நரம்பையே கொடுத்த உழவருக்கு வேறு சாட்சி எதற்கு? ஒரு வேலியும் மாமா பெயரில் பதிவாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இந்தச் செய்தியைக் கேட்டபோது மாமா அழுதார். சந்தோஷமா வலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கழுத்தில் பட்டை கட்டியிருந்ததால் முகத்தைத் திருப்பி மறைத்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை.

மேலே மனுப் போடலாம், கெடு இருக்கிறது என்று சங்கத்தில் உள்குத்தகைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் மாமாவிடமே வந்து கேட்டார். மாமா வீட்டுக்கு வந்து படுத்திருந்த நேரம், வலி குறையவில்லை. "நீ ஏன்டா அலையற? நான் எழுந்ததும் நானே வந்து சொல்றேன். வார்த்தை மாறுவேனா?" என்றார். அவர் நம்பிப் போனார். எனக்கும் நம்பிக்கை இருந்தது என்பதை மறைப்பானேன்.

அப்புறம் கழுத்து தேற ஆரம்பித்தது. விரல்களில் உணர்ச்சி திரும்பிய வாரம், "முழுசும்னா கோயில்ல கேள்வி கேப்பாங்க, பாதின்னா சரிக்கட்டலாம்" என்றார். பட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், பாதி போய் மேட்டுப் பக்கம் மூன்று மா, அதாவது ஒரே ஒரு ஏக்கர் ஆயிற்று. தானே பிசைந்து சாப்பிட ஆரம்பித்ததும், அவன் பிள்ளைக்கு எங்கேயாவது ஒரு வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்றார். வலி இறங்க இறங்க நிலமும் இறங்கியது. அத்தை அடுப்படியில் என்னிடம், "இன்னும் ஒரு மாசம் வலிச்சிருந்தா அந்தப் புள்ளைக்கு நெலம் கெடச்சிருக்கும்" என்றாள். புருஷனுக்காக அவள் தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்திவிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

நான் பொறுக்கவில்லை. "கார்ல என்ன சொன்னீங்கன்னு நான் கேட்டுக்கிட்டுத்தானே மாமா இருந்தேன்" என்று நேராகவே கேட்டேன்.

"வலியில சொன்னது எந்தக் கோர்ட்லயும் செல்லாதும்மா" என்றார். எவ்வளவு தெளிவான சட்ட ஞானம். அன்று அவருக்குக் காபி போட்டுக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அத்தையைப் போடச் சொன்னேன். அவள் சர்க்கரை போட மறந்துவிட்டாள். மறந்தாளோ என்னவோ.

டாக்டர் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். கையால் பிடிக்காமல், கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்ப வேண்டும், அப்புறம் மெல்ல வலப்பக்கம். மாமா அதைச் செய்ததே இல்லை. "சத்தமே வராத பயிற்சி என்ன பயிற்சி" என்பார்.

மனுப் போடுகிற கெடு முடிந்து, சம்பா கதிர் சாய்ந்திருந்த சமயம் உள்குத்தகைக்காரர் வந்தார். பழையபடி மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றார். அந்த வெளுத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். தோளில் சேற்றுக்கறை போகவில்லை. மாமா கொல்லைத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் நெல் புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, அறுப்பு வருது. நீங்க வந்து சொல்றேன்னீங்க. எப்ப போவலாம்?" என்றார்.

மாமா அவரைப் பார்த்தார். பிறகு கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். மெல்ல வலப்பக்கம் திருப்பினார். மறுபடி இடப்பக்கம். டாக்டர் சொன்னபடியே, கை வைக்காமல், கொஞ்சமும் சத்தம் வராமல்.

உள்குத்தகைக்காரர் அந்தக் கழுத்தையே பார்த்தார். தஞ்சாவூர் வரைக்கும் ஆடாமல் பிடித்துக்கொண்டு போன கழுத்து அல்லவா.

"நல்லாத் திரும்புதுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.